பாலைப் புதரின் தண்ணீர்க் கணக்கு

செடிக்குச் சாப்பாடு காற்றில் இருக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து, வேர் தரும் நீரோடு சேர்த்து, வெயிலின் துணையால் சர்க்கரையாக்கித்தான் பச்சைத் தாவரங்கள் எல்லாம் பிழைக்கின்றன. அந்தக் காற்று உள்ளே வர வேண்டுமானால் இலையிலுள்ள நுண்ணிய துளைகள் திறக்க வேண்டும். திறந்தால் இலைக்குள் இருக்கும் ஈரம் அதே வழியாக ஆவியாகிப் போய்விடும். நெல், கோதுமை போன்ற பயிர்கள் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைப் பிடிப்பதற்குள் சில நூறு நீர் மூலக்கூறுகளைப் பறிகொடுக்கின்றன. துளையை மூடினால் நீர் மிஞ்சும், ஆனால் பட்டினி வரும். திறந்தால் உணவு கிடைக்கும், ஆனால் தாகம் கொல்லும்.

நீர் பாயும் வயலில் இந்த நஷ்டம் பெரிதாகத் தெரிவதில்லை. அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடக்கிலும் பரந்து கிடக்கும் மொஹாவி, சொனோரா, சிவாவா பாலைவனங்களில் அது உயிர்ப் பிரச்சினை. மொஹாவியின் பெரும்பகுதியில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை 150 மில்லிமீட்டரைத் தாண்டாது. கோடையில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொடும். விலங்கு வளைக்குள் புகுந்துகொள்ளும். பறவை இடம் மாறும். செடிக்கு முளைத்த இடமே விதி.

ஆனாலும் அங்கே காடு இருக்கிறது. புதர்களும் கள்ளிகளும் மரங்களும் சேர்ந்த காடு. அவை எல்லாமே வறட்சியைத் தாங்குகின்றன என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அருகில் சென்று பார்த்தால் ஒவ்வொன்றும் அந்தத் தண்ணீர்க் கணக்கை வேறு வேறு விதமாக நேர்செய்திருக்கிறது. ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு விலையும் கொடுத்திருக்கிறது.

துளையை மூடும் கட்டளை

முதலில் எல்லாச் செடிகளுக்கும் பொதுவான ஏற்பாட்டைப் பார்ப்போம். ஒவ்வோர் இலைத்துளையின் இருபுறமும் இரண்டு காப்புச் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் பொட்டாசியம் அயனிகள் சேர்ந்தால் நீரும் பின்தொடர்ந்து நுழையும். செல்கள் புடைத்து வளைய, நடுவே துளை திறக்கும். பொட்டாசியம் வெளியேறினால் நீரும் வெளியேறும். செல்கள் தளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, துளை மூடிவிடும்.

மண் காயத் தொடங்கியதும் மூடச் சொல்லிக் கட்டளையிடுவது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன். 1960-களிலேயே விஞ்ஞானிகள் இதை இனங்கண்டுவிட்டார்கள். ஆனால் செல்லுக்குள் அது எந்தப் புரதத்திடம் செய்தி சொல்கிறது என்பது 2009-இல்தான் தெளிவானது. கலிபோர்னியாவில் ஷான் கட்லரின் குழுவும் ஜெர்மனியில் எர்வின் கிரில்லின் குழுவும் அந்த ஏற்பிப் புரதத்தைத் தனித்தனியே கண்டறிந்தன. ஹார்மோன் வந்து பொருந்தியதும் ஏற்பி ஒரு தடை நொதியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. அதுவரை அந்தத் தடையில் அடங்கிக் கிடந்த இன்னொரு நொதி விடுபட்டு, செல்லின் சவ்விலுள்ள அயனி வழிகளைத் திறந்துவிடுகிறது. பொட்டாசியம் வெளியேறுகிறது, சில நிமிடங்களில் துளை மூடத் தொடங்குகிறது. மூளையும் நரம்பும் இல்லாத ஓர் உயிர் இத்தனை துல்லியமாக முடிவெடுக்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

மூடத் தாமதமானால் என்ன ஆகும்? செடிக்குள் நீர் ஏறுவது கீழிருந்து யாரும் தள்ளுவதால் நடப்பதில்லை. இலையில் நீர் ஆவியாக ஆவியாக, மேலிருந்து ஓர் இழுவை உண்டாகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதால் வேர் வரைக்கும் அந்த இழுவை போய்ச் சேர்கிறது. 1894-இல் டப்ளினைச் சேர்ந்த ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் முன்வைத்த விளக்கம் இது. மண் காயக் காய இந்த இழுவை கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் நீர்த்தொடர் அறுந்து, தண்டின் நுண்குழாய்க்குள் வாயுக் குமிழி புகுந்துவிடும். குமிழி புகுந்த குழாயில் நீர் ஏறாது. பல குழாய்கள் இப்படி அடைபட்டால் கிளை காயும். மொத்தமும் அடைபட்டால் செடி சாகும்.

குழாய்களில் நீர்த்தொடர் இப்படி அறுபடும்போது ஒலி எழுகிறது. 2023-இல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தக்காளி, புகையிலைச் செடிகளின் அருகே நுண்ணொலி வாங்கிகளை வைத்துக் கேட்டார்கள். நீரில்லாமல் வாடிய செடிகளிலிருந்து மணிக்கு 30 முதல் 50 சொடுக்கொலிகள் பதிவாயின. நன்றாக நீர் ஊற்றிய செடிகளில் மணிக்கு ஒன்று என்ற அளவில்தான் கேட்டது. நீர்க்குழாய்களில் குமிழி உண்டாவதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மனிதக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் எழும் ஒலி அது.

கிரியோசோட் என்னும் பிடிவாதக்காரர்

மூன்று பாலைவனங்களையும் ஆளும் புதர் கிரியோசோட். ஓர் ஆள் உயரம்தான் இருக்கும். பார்ப்பதற்கு ஒல்லியான கிளைகளும் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாத சிற்றிலைகளுமாக எந்தக் கவர்ச்சியும் இல்லாத செடி. ஆனால் தாவரவியலாளர்கள் வறட்சி பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் வாயில் வரும் பெயர்களில் இதுவும் ஒன்று.

ஓர் இலையை எடுத்துக்கொள்வோம். அடியில் ஒட்டிப் பிறந்த இரு சிற்றிலைகள். தொட்டால் விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். இலையின் மேல் படிந்திருக்கும் பிசின் அது. நீர் ஆவியாவதைக் குறைப்பதோடு, அதிலுள்ள வேதிப்பொருட்கள் மேய வரும் விலங்குகளையும் பூச்சிகளையும் விரட்டுகின்றன. மழைத்துளி பட்டதும் இந்தப் பிசினிலிருந்து எழும் வாசம் பாலைவனம் முழுக்கப் பரவும். சொனோராப் பகுதி மக்களுக்கு மழையின் வாசம் என்றால் அது கிரியோசோட்டின் வாசம்தான். அங்கே வாழும் ஓஓதாம் பழங்குடியினர் இந்தப் புதரைத் தலைமுறை தலைமுறையாக மருந்தாகப் பயன்படுத்தி வருகிறார்கள்.

இந்தப் புதர் காலை நேரத்தை நம்பி வாழ்கிறது. விடியற்காலையில் காற்று குளிர்ந்திருக்கும். அப்போது துளையைத் திறந்தால் குறைந்த நீரைக் கொடுத்து அதிக உணவைப் பெறலாம். வெயில் ஏறியதும் துளைகளைச் சுருக்கிக்கொள்கிறது. பல இடங்களில் இதன் இலைக்கொத்துகள் தென்கிழக்கு நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. காலை வெயிலை முழுதாக வாங்கிக்கொள்ளவும் உச்சி வெயிலிலிருந்து ஒதுங்கவும் அந்தச் சாய்வு உதவுகிறது.

இதெல்லாம் சிக்கனம். கிரியோசோட்டின் உண்மையான பலம் அதற்கு அப்பால் இருக்கிறது. மண்ணிலிருந்து நீரை இழுக்கச் செடி எவ்வளவு வலுவாக இழுக்க வேண்டியிருக்கிறது என்பதை அழுத்தக் கணக்கில் அளக்கலாம். பெரும்பாலான பயிர்கள் சுமார் 15 வளிமண்டல அளவுக்கு மேல் இழுக்க முடியாமல் நிரந்தரமாக வாடிவிடும். கிரியோசோட் 50 வளிமண்டல இழுவையிலும் ஒளிச்சேர்க்கையைத் தொடர்கிறது. கார் டயருக்குள் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் இரண்டு வளிமண்டலத்தைச் சற்றே தாண்டும். அதை நினைத்துப் பார்த்தால் ஒரு மெல்லிய தண்டுக்குள் நடக்கும் போராட்டத்தின் அளவு புரியும். நம் கைக்கு ஈரமே இல்லாமல் காய்ந்துபோன மண் என்று தெரிவதிலிருந்தும் இந்தப் புதர் நீரைக் கறந்துவிடுகிறது.

அதற்கு இரண்டு ஏற்பாடுகள். செல்களுக்குள் கரைபொருட்களைச் சேர்த்து வைத்து, உள்ளிருக்கும் நீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. நீர் ஏறும் குழாய்களைக் குறுகலாகவும் சுவர் தடித்ததாகவும் கட்டியிருக்கிறது. அத்தகைய குழாயில் குமிழி எளிதில் புகாது. ஆனால் குறுகிய குழாயில் நீர் மெதுவாகத்தான் ஏறும். நீர் மெதுவாக ஏறினால் வளர்ச்சியும் மெதுவாகத்தான் நடக்கும். பாதுகாப்புக்கு விலையாக வேகத்தைக் கொடுத்துவிட்டது கிரியோசோட்.

வேகத்தை இழந்த செடிக்குக் கைமாறாகக் காலம் கிடைத்தது. கிரியோசோட் புதரின் நடுத்தண்டுகள் முதுமையில் மடியும்போது ஓரத்திலிருந்து புதுத்தண்டுகள் கிளம்பும். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, நடுவில் வெற்று மண்ணும் சுற்றிலும் ஒரே செடியின் வாரிசுத் தண்டுகளுமாக ஒரு வளையம் உருவாகும். கலிபோர்னியாவின் மொஹாவிப் பகுதியில் அப்படி ஒரு வளையம் இருக்கிறது. கிங் குளோன் என்று பெயர். ரிவர்சைடிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் வாசெக் 1980-இல் அதன் வயதைச் சுமார் 11,700 ஆண்டுகள் என்று மதிப்பிட்டார். கடைசிப் பனியுகம் முடியும் தறுவாயில் முளைத்த ஒரு விதை, இன்றும் அதே இடத்தில் காலையில் துளை திறந்து நண்பகலில் மூடிக்கொண்டிருக்கிறது.

இரவில் மூச்சு, பகலில் சமையல்

கள்ளிகள் கணக்கையே மாற்றி எழுதின. அவை பகலில் துளைகளை மூடிவிட்டு இரவில் திறக்கின்றன. இரவில் வெயில் இல்லை, ஆகவே சர்க்கரை தயாரிக்க முடியாது. அதனால் உள்ளே வந்த கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாக மாற்றிச் செல்லுக்குள் சேமித்து வைக்கின்றன. விடிந்ததும் துளையை மூடிக்கொண்டு, அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடை மீட்டுச் சமையலைத் தொடங்குகின்றன. இரவுக் காற்றில் நீரிழப்பு குறைவு என்பதால் சாதாரணப் பயிர் செலவிடும் நீரில் ஒரு சிறு பங்கே இவற்றுக்குப் போதும்.

இந்த இரவு மூச்சின் முதல் தடயங்களில் ஒன்று நம் ஊர்ப் பக்கம் கிடைத்தது. தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளராக வந்து, பின்னர் மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணியாற்றியவர் பெஞ்சமின் ஹைன். நாம் ரணகள்ளி என்றும் கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்றும் சொல்லும் செடியின் இலையை அவர் வாயிலிட்டுச் சுவைத்துப் பார்த்தார். காலையில் அது கடும் புளிப்பாக இருந்தது. நண்பகலில் சுவையற்றுப் போனது. மாலையில் லேசாகக் கசந்தது. இதை லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு 1813-இல் கடிதமாக எழுதினார். இரவில் அமிலம் சேர்கிறது, பகலில் கரைகிறது என்ற பெரிய உண்மையை நாக்கு ஒன்றைக் கொண்டே அவர் பிடித்துவிட்டார். வீட்டில் ரணகள்ளி வைத்திருப்பவர்கள் அதன் இலை விளிம்பில் குட்டிச்செடி முளைப்பதை மட்டும்தான் கவனிப்பார்கள். அதே இலைக்குள் அன்றாடம் இந்த வேலையும் நடக்கிறது.

இரவு மூச்சோடு சேமிப்பையும் இணைத்தது சொனோராவின் சவாரோ கள்ளி. பன்னிரண்டு மீட்டரைத் தாண்டி வளரும் இந்தக் கள்ளியின் தண்டு நெடுக மடிப்புகள் ஓடுகின்றன. மழைக்குப் பின் மடிப்புகள் விரிந்து தண்டு பருக்கும். வறட்சியில் நீர் குறையக் குறைய மடிப்புகள் ஆழமாகித் தண்டு ஒடுங்கும். தோல் கிழிவதில்லை. அரிசோனாவின் டூசான் நகரை ஒட்டிய டுமமாக் குன்றில் 1903-இல் கார்னெகி நிறுவனம் ஒரு பாலைவன ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியது. அங்கே எஃபி ஸ்பால்டிங் என்ற பெண் தாவரவியலாளர் சவாரோக்களின் தண்டை அளந்து, இந்த விரிவும் ஒடுக்கமும் பற்றி 1905-இல் எழுதினார்.

மண்ணுக்குக் கீழே

சவாரோவின் வேர்கள் ஆழம் போவதில்லை. மேல்மண்ணிலேயே, கள்ளி எவ்வளவு உயரமோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் நாலாபக்கமும் படர்கின்றன. மண்ணின் மேலடுக்கை மட்டும் நனைக்கும் சிறுமழையையும் விட்டுவிடக் கூடாது என்பது அதன் வழி. மெஸ்கீட் மரம் நேர் எதிர்த்திசையில் போனது. டூசான் அருகே ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் மெஸ்கீட்டின் உயிருள்ள வேர்கள் 53 மீட்டர் ஆழத்தில் கிடைத்ததாக 1963-இல் ஒரு பதிவு வெளியானது. பதினைந்து மாடிக் கட்டடத்தின் உயரத்தையும் விஞ்சும் ஆழம் அது.

மெஸ்கீட்டின் நெருங்கிய உறவுக்காரர்தான் ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் கண்மாய்க்குள் புகுந்து நிற்கும் சீமைக்கருவேலம். மத்திய, தென் அமெரிக்க வறள் நிலங்களிலிருந்து விறகுக்காகவும் பசுமைக்காகவும் கொண்டுவரப்பட்டது. வெட்டினாலும் தூரிலிருந்து துளிர்ப்பதும், பக்கத்துச் செடிகள் காய்ந்த பிறகும் பச்சையாக நிற்பதும் பிறந்த மண் அதற்குக் கற்றுக்கொடுத்தவை. அதே குணங்கள் நம் மண்ணில் நாட்டுச் செடிகளை விரட்டும் வலிமையாகிவிட்டன.

வேர்கள் நீரை எடுப்பதோடு நிற்பதில்லை, கொடுக்கவும் செய்கின்றன. யூட்டா மாநிலத்தில் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸும் மார்ட்டின் கால்டுவெல்லும் சேஜ்பிரஷ் என்ற புதரை ஆராய்ந்து 1987-இல் ஒரு விசித்திரத்தை அறிவித்தார்கள். பகலில் இலைகள் இழுக்கும்போது எல்லா வேர்களிலிருந்தும் நீர் மேலே போகிறது. இரவில் துளைகள் மூடியதும் இழுவை தளர்கிறது. அப்போது ஆழத்து வேர்கள் எடுத்த ஈரம், மேல்வேர்களின் வழியாகக் காய்ந்த மேல்மண்ணுக்குள் கசிகிறது. மறுநாள் காலை அந்த நீரைப் புதர் மீண்டும் எடுத்துக்கொள்கிறது. ஆழத்து வேர்களுக்கு அடையாளமிட்ட கனநீரைக் கொடுத்துச் சோதித்தபோது, பக்கத்தில் நின்ற புல்லிலும் அது தென்பட்டது. ஒரு புதர் தனக்காக ஏற்றிய நீரில் அண்டை வீட்டாரும் பங்கு பெறுகிறார்கள்.

ஓடி ஒளிவதும் உறங்கிக் கிடப்பதும்

எல்லாச் செடிகளும் எதிர்த்து நிற்பதில்லை. ஒகொட்டீயோ என்ற நெட்டைப் புதர் வறட்சி வந்ததும் இலைகளை மொத்தமாக உதிர்த்துவிட்டு முள் குச்சிகளாக நிற்கும். மழை பெய்த சில நாட்களில் மறுபடி தழைக்கும். ஓர் ஆண்டில் இப்படிப் பலமுறை நடக்கும். பாலோ வெர்டே மரம் இலை இல்லாத காலத்திலும் பச்சைப் பட்டையைக் கொண்டே உணவு தயாரிக்கிறது.

ஒருபருவச் செடிகள் வறட்சியை விதையாகவே கடந்துவிடுகின்றன. எந்த மழையை நம்பி முளைப்பது என்பதுதான் அவற்றின் சிக்கல். தூறலை நம்பி முளைத்தால் பூப்பதற்குள் கருகிவிடும். தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட் 1940-களில் மொஹாவி மண்ணை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து செயற்கை மழை பொழிந்து பார்த்தார். பல விதைகள் சுமார் 25 மில்லிமீட்டர் மழைக்குப் பிறகே முளைத்தன. அதே அளவு நீரை மண்ணுக்கு அடியிலிருந்து ஊறவிட்டால் முளைக்கவில்லை. விதைகளில் முளைப்பைத் தடுக்கும் பொருட்கள் இருப்பதையும், போதிய மழை மேலிருந்து பெய்து அவற்றைக் கழுவிச் சென்றால்தான் முளை கிளம்புவதையும் அவர் விளக்கினார். விதையின் தோலே மழையை அளந்து பார்க்கிறது.

இன்னும் துணிச்சலான வழி ஒன்று உண்டு. சிவாவா பாலைவனத்தில் வளரும் ஒருவகை செலாஜினெல்லா, நீர் இல்லாதபோது தன் உடலிலுள்ள நீரில் பெரும்பகுதியை இழந்து, பழுப்பு உருண்டையாகச் சுருண்டுவிடும். பார்த்தால் செத்த குப்பை. மழை பட்டால் சில மணி நேரத்தில் விரிந்து பச்சை காட்டும். சாதாரணச் செடியில் நீர் போனதும் செல்லின் சவ்வுகள் ஒட்டிச் சிதைந்துவிடும். இந்தச் செடியில் டிரெஹலோஸ் போன்ற சர்க்கரைகளும் காப்புப் புரதங்களும் நீர் விட்டுப்போன இடத்தை நிரப்பி, உள்ளுறுப்புகளை உருக்குலையாமல் தாங்கிக்கொள்கின்றன.

தாங்கும் திறனுக்கும் எல்லை உண்டு

இத்தனையும் படித்த பிறகு, பாலைவனச் செடிகளை எதுவும் அசைக்க முடியாது என்று தோன்றலாம். அது தவறு. இந்தச் செடிகள் பழகியது தம் மண்ணின் வறட்சிக்கு. எல்லா விதமான துன்பத்துக்கும் அல்ல. 2023-இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியது. இரவுகளும் குளிரவில்லை. இரவின் குளிர்ச்சியை நம்பித் துளை திறக்கும் சவாரோக்கள் திணறின. நகரின் பாலைவனத் தாவரப் பூங்காவில் அவற்றின் கிளைகள் ஒடிந்தன. சில அடியோடு சாய்ந்தன.

நெருப்பு இன்னொரு ஆபத்து. பாலையில் புதருக்குப் புதர் இடையே வெற்று மண் இருப்பதால் முன்பெல்லாம் தீ பரவ வழியில்லை. தமிழ்நாட்டு மானாவாரி நிலங்களில் கால்நடைத் தீவனமாக நாம் வளர்க்கும் கொழுக்கட்டைப் புல், மேய்ச்சலுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து அரிசோனாவுக்குக் கொண்டுபோகப்பட்டது. இன்று அது அந்த இடைவெளிகளை நிரப்பி, காய்ந்து, தீயைச் சவாரோக்களின் அடிவரை கொண்டுவந்து சேர்க்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலம் நமக்குச் சுமையானதுபோல, இங்கே பசுவுக்கு உணவான புல் அங்கே பகையாகிவிட்டது. தாங்கும் திறன் என்பது செடியிடம் மட்டும் இருப்பதில்லை. செடியும் அதன் மண்ணும் அதன் அண்டை வீட்டாரும் சேர்ந்து உருவாக்கியது.

மெதுவாக வளர்வதை விலையாகக் கொடுத்தவை மெதுவாகத்தான் மீளவும் முடியும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், ஜெனரல் பேட்டன் மொஹாவியில் டாங்கிப் படைகளுக்குப் பயிற்சிக் களம் அமைத்தார். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சக்கரத் தடங்களைப் பாலை மண்ணில் பார்க்கலாம். ஒரு நாளில் நசுங்கிய கிரியோசோட் காடு, மனித வாழ்நாள் ஒன்று முடிந்தும் முழுதாகத் திரும்பவில்லை.

மழை குறைந்த நிலத்தைப் பயனற்ற நிலம் என்று கருதும் வழக்கம் நம்மிடமும் உண்டு. இந்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர் நிலங்களும் இடம்பெறுகின்றன. தரிசு என்று எழுதிவிட்டால் அங்கே ஆலை வரலாம், மனைகள் வரலாம், ஒரே வகை மரத்தை நட்டுப் பசுமையாக்கிவிட்டதாகச் சொல்லவும் செய்யலாம். ஆனால் அந்த முட்புதர்கள் ஒவ்வொன்றும் கிடைத்த கொஞ்ச நீரைக்கொண்டு வாழ்வது எப்படி என்பதை நீண்ட காலம் பழகி வந்தவை. வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் நம் பயிர்களுக்கு எந்த மரபணு, எந்த வேர், எந்த இலை உதவும் என்று தேடப்போனால் இந்தப் புதர்களிடம்தான் போய் நிற்க வேண்டும். அடுத்த முறை உங்கள் ஊர் எல்லையில் ஒரு காய்ந்த புதர்க்காட்டைக் கடக்கும்போது அதைத் தரிசு என்று சொல்லாதீர்கள். யாராவது அதை அழிக்க வந்தால், அங்கே என்ன வளர்கிறது என்று முதலில் கேளுங்கள்.